சரக்கு வந்து சேரும் நாட்கள்: பெட்டிப் படம் காட்டும் உண்மை

ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பது நம் உழவர் பெருமக்கள் வழிவழியாக அறிந்த உண்மை. விதை நல்ல விதையாக இருந்தால் மட்டும் போதாது. விலை மலிவாக இருந்தாலும் போதாது. பட்டம் தவறுவதற்கு முன் அது கைக்கு வந்து சேரவும் வேண்டும். ஊராட்சியின் காரியங்களுக்கும் இவ்விதி முற்றிலும் பொருந்தும். தெரு விளக்குச் சாமான்கள், குழாய்கள், மின் மோட்டார் உறுப்புகள், குடிநீரைத் தூய்மை செய்யும் பிளீச்சிங் பவுடர் ஆகிய யாவும் வெளியிலிருந்து தருவிக்கப்படுவனவே. அவற்றை வாங்கும்பொழுது நாம் விலையை ஒப்பிடுகிறோம். தரத்தையும் ஓரளவு பார்க்கிறோம். ஆனால் ஆணை கொடுத்த நாள் முதல் சரக்கு வந்து சேரும் நாள் வரை எவ்வளவு காலம் ஆகிறது, அக்காலம் ஒவ்வொரு தடவையும் எவ்வாறு மாறுபடுகிறது என்பதை முறையாகக் கணக்கிட்டு ஒப்பிடுவோர் மிகச் சிலரே.

இக்கணக்கைச் செய்வதற்குப் பெரும் படிப்பு எதுவும் வேண்டுவதில்லை. தேதி குறிக்கும் ஒழுங்கான பதிவேடும், விரிதாள் மென்பொருள் உள்ள கணிப்பொறியும், பெட்டிப் படம் என்னும் ஒரு புள்ளியியல் படமும் இருந்தால் போதும். அம்முறையைப் படிப்படியாக இங்கே விளக்குவோம்.

காலம் ஏன் முக்கியம்?

பிளீச்சிங் பவுடரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நல்ல சரக்கில் ஏறக்குறைய 33 சதவிகிதம் பயன்படு குளோரின் இருக்கும். ஆனால் வெப்பமும் ஈரமும் பட்டால் அது நாளுக்கு நாள் வலுவிழக்கும். திறந்து வைத்த மூட்டை இன்னும் விரைவில் கெடும். ஒரு லட்சம் லிட்டர் நீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் இட வேண்டும் என்று கொண்டால், 200 கிராம் குளோரின் தேவை. புதிய பவுடரானால் ஏறக்குறைய 600 கிராம் போதும். 20 சதவிகிதமாக வலுக் குறைந்த பவுடரானால் முழுதாக ஒரு கிலோ வேண்டும். இதை அறியாமல் பழைய அளவையே போட்டு வந்தால், தொட்டியில் மருந்து இட்டதாகக் கணக்கு இருக்கும். குழாயடியிலோ குளோரின் இராது. குழாயில் வரும் நீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

ஆகவே ஓராண்டுக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கி அடுக்கி வைப்பது அறிவுடைமையாகாது. குறைந்த அளவில் அடிக்கடி வாங்க வேண்டும். அடிக்கடி வாங்குவதானால், வழங்குவோர் சொன்ன காலத்தில் கொண்டுவந்து சேர்ப்பவராக இருத்தல் வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் ஊர் முழுதும் மருந்திடாத நீரைப் பருக நேரும். மழைக்காலத்தில் அதன் விளைவு வயிற்றுப்போக்கும் மஞ்சட்காமாலையுமாக முடியக்கூடும். சரக்கு வரும் நாட்களைக் கணக்கிடுவது வெறும் அலுவலகக் கணக்கு அன்று. ஊராரின் உடல்நலம் அதில் அடங்கியிருக்கிறது.

முதற்படி: பதிவேடு

எந்தப் படமும் அதன் அடியிலுள்ள பதிவைவிடச் சிறந்ததாக இருக்க முடியாது. ஆதலின் விரிதாளில் ஆறு பத்திகளை வகுத்துக்கொள்க: வழங்குவோர், பொருள், அளவு, ஆணை கொடுத்த தேதி, சரக்கு வந்து சேர்ந்த தேதி, குறிப்பு. ஏழாவது பத்தியில் சேர்ந்த தேதியிலிருந்து ஆணைத் தேதியைக் கழிக்கும் சூத்திரத்தை இட்டால், எத்தனை நாட்கள் ஆயின என்பதைக் கணிப்பொறியே தந்துவிடும்.

இங்கே மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். முதலாவது, விலைச்சீட்டில் உள்ள தேதியை எழுதாமல், சரக்கு நம் கிடங்கில் இறங்கிய தேதியையே எழுத வேண்டும். சரக்கு பகுதி பகுதியாக வந்தால், முழு அளவும் வந்து முடிந்த நாளே வந்த நாள். இரண்டாவது, கணிப்பொறி தேதியை எம்முறையில் படிக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 05-06 என்று நாம் எழுதுவது ஜூன் 5. அமெரிக்க முறையில் அமைந்த கணிப்பொறி அதை மே 6 என்று கொள்ளும்; கணக்கு முழுதும் பிறழ்ந்துவிடும். மூன்றாவது, தாமதம் நேர்ந்தால் அதன் காரணத்தைக் குறிப்புப் பத்தியில் அன்றே எழுதிவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து அதை நினைவிலிருந்து எழுதுவது இயலாது.

சராசரி மறைப்பது

ஓர் ஊராட்சி மூன்று வழங்குவோரிடம் பதினொரு தடவை வீதம் பிளீச்சிங் பவுடர் வாங்கியதாகக் கற்பனை செய்துகொள்வோம். அவர்களை அ, ஆ, இ என்று அழைப்போம். விளக்கத்திற்காக அமைத்த எண்களே கீழே உள்ளவை. சரக்கு வந்து சேர ஆன நாட்கள், ஆணை கொடுத்த வரிசைப்படி:

அ: 5, 3, 4, 8, 6, 11, 9, 13, 17, 15, 19
ஆ: 10, 9, 11, 8, 12, 10, 9, 11, 8, 12, 10
இ: 7, 6, 8, 6, 7, 43, 4, 7, 9, 6, 7

ஒவ்வொன்றையும் கூட்டினால் 110 வரும். 11 ஆல் வகுத்தால் மூவருக்கும் சராசரி 10 நாட்களே. சராசரியை மட்டும் பார்ப்பவர், "மூவரும் ஒன்றே, விலை குறைந்தவரிடம் வாங்கலாம்" என்று முடிவு செய்வார். ஆனால் எண்களைச் சற்று உற்று நோக்கினால் மூவரும் மூன்று விதமானவர் என்பது விளங்கும். ஒருவர் சில தடவை மூன்று நாளிலும் சில தடவை பத்தொன்பது நாளிலும் அனுப்புகிறார். ஒருவர் எப்பொழுதும் எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் நிற்கிறார். ஒருவர் மிக விரைவாக அனுப்பி வந்து, ஒரே ஒரு தடவை நாற்பத்து மூன்று நாள் காக்க வைத்துவிட்டார். இவ்வேற்றுமையை ஒரே பார்வையில் காட்டுவதே பெட்டிப் படத்தின் வேலை.

ஐந்து எண்களில் ஒரு வரலாறு

பெட்டிப் படத்தை இன்று நாம் அறிந்த வடிவில் பரப்பியவர் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் ஜான் டூக்கி. 1977 இல் வெளிவந்த அவரது நூலின் வாயிலாக இது எங்கும் பரவியது. அதற்கு முன்னரே, 1952 இல், மேரி எலினர் ஸ்பியர் என்னும் அமெரிக்கப் பெண்மணி இதை ஒத்த ஒரு படத்தைத் தம் நூலில் காட்டியிருந்தார்.

இப்படம் ஐந்து எண்களால் ஆனது. அ என்பவரின் எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துவோம்: 3, 4, 5, 6, 8, 9, 11, 13, 15, 17, 19. நடுவில் நிற்பது ஆறாவது எண்ணாகிய 9. இதற்கு இடைநிலை என்று பெயர். பாதித் தடவைகள் இதற்குக் கீழும் பாதித் தடவைகள் இதற்கு மேலும் இருக்கும். இடைநிலைக்குக் கீழுள்ள ஐந்து எண்களின் நடு எண் 5. இது முதற் கால்மானம். மேலுள்ள ஐந்து எண்களின் நடு எண் 15. இது மூன்றாம் கால்மானம். இவற்றுடன் மிகச் சிறிய எண்ணாகிய 3, மிகப் பெரிய எண்ணாகிய 19 ஆகிய இரண்டையும் சேர்த்தால் ஐந்து எண்கள் ஆயின.

முதற் கால்மானம் முதல் மூன்றாம் கால்மானம் வரை ஒரு பெட்டியை வரைகிறோம். ஏறக்குறையப் பாதித் தடவைகள் இப்பெட்டிக்குள் அடங்கும். இடைநிலை உள்ள இடத்தில் பெட்டியின் குறுக்கே ஒரு கோடு. பெட்டியின் இருபுறமும் மீசை போல நீளும் கோடுகள் சிறிய எண்ணையும் பெரிய எண்ணையும் தொடும். ஆகவேதான் இதைப் பெட்டி மீசைப் படம் என்றும் சொல்வர்.

ஆனால் மீசைக்கு ஓர் எல்லை உண்டு. பெட்டியின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு அப்பால் மீசை செல்லாது. அவ்வெல்லைக்கு வெளியே உள்ள எண்ணைத் தனிப் புள்ளியாகக் குறிக்க வேண்டும். இ என்பவரின் கால்மானங்கள் 6, 8. பெட்டியின் நீளம் 2. ஒன்றரை மடங்கு 3. ஆதலால் மேல் எல்லை 11 நாள். அவரது மேல் மீசை 9 இல் நின்றுவிடும். 43 வெகு தொலைவில் தனிப் புள்ளியாக நிற்கும். எவ்வளவு பெரிய தாமதமாயினும் அது மற்றப் பத்துத் தடவைகளின் நற்பெயரை மறைப்பதில்லை. அதே சமயம் அத்தாமதமும் மறைந்துபோவதில்லை. படத்தின் சிறப்பு இதுவே.

கணிப்பொறியில் வரையும் முறை

மைக்ரோசாப்ட் எக்செல் மென்பொருளில் 2016 பதிப்பு முதற்கொண்டு இப்படம் ஆயத்தமாகவே உள்ளது. மூன்று பத்திகளின் தலைப்பில் அ, ஆ, இ என்று வழங்குவோர் பெயரை எழுதி, அவற்றின் கீழ் நாட்களின் எண்ணிக்கையை இடுக. அப்பகுதி முழுவதையும் தேர்ந்தெடுத்து, "இன்சர்ட்" என்னும் பகுதியில் புள்ளியியல் படங்களுக்குரிய குறியை அழுத்தினால் "பாக்ஸ் அண்ட் விஸ்கர்" என்ற வகை தோன்றும். அதை அழுத்தியவுடன் மூன்று பெட்டிகளும் பக்கம் பக்கமாக நிற்கும். எண்களை முன்கூட்டி வரிசைப்படுத்த வேண்டியதில்லை. அதைக் கணிப்பொறியே பார்த்துக்கொள்ளும். பெட்டியினுள் பெருக்கல் குறி போன்ற ஒரு சிறு குறி காணப்படும், அது சராசரி. நம் எடுத்துக்காட்டில் மூன்று பெருக்கல் குறிகளும் பத்தாம் நாளில் ஒரே உயரத்தில் இருக்கும். பெட்டிகளோ மூன்று உருவங்களில் இருக்கும். மேலும் மூன்றாமவரின் குறி அவருடைய பெட்டிக்கும் மீசைக்கும் மேலே தனித்து நிற்கும். ஒரு பெரிய தாமதம் சராசரியை எவ்வளவு தூரம் இழுத்துவிடுகிறது என்பதற்கு இதுவே சான்று.

இவ்வகைப் படம் ஆயத்தமாக இல்லாத மென்பொருளிலும் பழைய பதிப்புகளிலும் ஐந்து எண்களைச் சூத்திரங்களால் கண்டுகொண்டு, அடுக்குத் தூண் படமாக வரையலாம். அ என்பவருக்கு முதல் அடுக்கின் உயரம் 5; அதன் வண்ணத்தை நீக்கிவிட வேண்டும். அதன்மேல் 5 முதல் 9 வரை 4 அளவுள்ள அடுக்கு. அதற்கு மேல் 9 முதல் 15 வரை 6 அளவுள்ள அடுக்கு. இவ்விரண்டும் சேர்ந்ததே பெட்டி. கணிப்பொறியே இல்லாவிடினும் கவலையில்லை. கட்டம் போட்ட வரைபடத் தாளில் அளவுகோலும் பென்சிலும் கொண்டு இதை வரையலாம்.

ஒரு சிறு விவரத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும். கால்மானத்தைக் கணக்கிட ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் உண்டு. மேலே நாம் கையால் கண்ட முறையில் அ என்பவரின் கால்மானங்கள் 5, 15. எக்செல் படமும் தானாக இம்முறையையே கொள்ளும். ஆனால் விரிதாளின் பழைய கால்மானச் சூத்திரம் இடைநிலையையும் சேர்த்துக் கணக்கிட்டு 5.5, 14 என்று விடை தரும். இரண்டும் தவறல்ல. எல்லா வழங்குவோருக்கும் ஒரே முறையைக் கையாள வேண்டும் என்பதே விதி.

படத்தைப் படித்து முடிவு செய்தல்

இனி மூன்று பெட்டிகளையும் படிப்போம். பெட்டி தாழ்வாக இருந்தால் விரைவு. பெட்டியும் மீசையும் குறுகி இருந்தால் ஒழுங்கு. ஊராட்சிக்கு விரைவைவிட ஒழுங்கே பெரும்பாலும் பெரிது. பத்து நாள் ஆகும் என்று உறுதியாகத் தெரிந்தால் பத்து நாள் முன்னதாக ஆணை கொடுக்கலாம். மூன்று நாளா பத்தொன்பது நாளா என்று தெரியாதபொழுது எதையும் திட்டமிட முடியாது.

இதைக் கிடங்கின் இருப்போடு பொருத்திப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 2 கிலோ பவுடர் செலவாவதாகக் கொள்வோம். ஆ என்பவருக்கு இதுவரை ஆன அதிகக் காலம் 12 நாள். ஆகவே இருப்பு 24 கிலோவாகக் குறையும் முன் அவருக்கு ஆணை கொடுத்தால் போதும். அ என்பவரானால் 19 நாளுக்கு 38 கிலோ கையில் வேண்டும். கூடுதலாகும் 14 கிலோவும் கிடங்கில் கிடந்து வலுவிழக்கும் சரக்கு. விலையில் சிறிது மலிவு இருப்பினும் அந்நட்டத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இ என்பவர் விஷயத்தில் குறிப்புப் பத்தியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். 43 நாள் தாமதத்திற்கு நம் அலுவலகத்திலேயே ஆணைக் கடிதம் தேங்கியது காரணமாக இருப்பின், வழங்குவோர் மீது குறை கூற வழியில்லை. நம் நடைமுறையையே திருத்திக்கொள்ள வேண்டும். அவரிடம் சரக்கே இல்லாமற் போனது காரணமாயின், அது மீண்டும் நேரக்கூடும். வெள்ளத்தால் பாதை துண்டிக்கப்பட்டது காரணமாயின் அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆயினும் வெள்ளக் காலத்தில்தான் குடிநீருக்குக் குளோரின் மிகுதியாகத் தேவைப்படும். அந்நிலையில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே ஒரு மூட்டை கூடுதலாக வாங்கி வைப்பதும், வேறு திசையிலுள்ள ஒருவரையும் அறிந்து வைத்திருப்பதும் தக்கவை. தனித்து நிற்கும் புள்ளியை அழித்துவிடுதல் கூடாது. அதைப் பற்றி விசாரித்தல் வேண்டும்.

படம் காட்டாதவை

பெட்டிப் படத்திற்கும் குறைகள் உண்டு. அவற்றை அறியாது பயன்படுத்துவோர் ஏமாற நேரும்.

முதலாவது, இப்படம் முன்பின் வரிசையைக் காட்டுவதில்லை. அ என்பவரின் எண்களை வந்த வரிசையில் மீண்டும் பாருங்கள். முதல் நான்கு தடவைகளின் சராசரி 5 நாள்; கடைசி நான்கு தடவைகளின் சராசரி 16 நாள். அவர் மனம்போன போக்கில் அனுப்புகிறவர் அல்லர். வரவர மோசமாகிக்கொண்டே செல்கிறவர். அடுத்த தடவை 19 நாளுக்கும் மேலாகலாம். இந்த உண்மை பெட்டியினுள் மறைந்துவிடுகிறது. ஆகவே பெட்டிப் படத்துடன் தேதி வரிசையில் ஒரு கோட்டுப் படத்தையும் வரைந்து பார்ப்பது நலம். அ என்பவரை அழைத்துக் காரணம் கேட்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்பதை அதுவே அறிவிக்கும்.

இரண்டாவது, இன்னும் வந்து சேராத சரக்கு இப்படத்தில் இடம் பெறுவதில்லை. ஆணை கொடுத்து முப்பது நாளாகியும் வராத சரக்குக்கு வந்த தேதி இராது. ஆகவே நாட்கணக்கும் இராது. மிகப் பெரிய தாமதமே கணக்கிலிருந்து விடுபட்டுப் போகும். நிலுவையில் உள்ள ஆணைகளைப் படத்தின் அடியில் தனியே எழுதுதல் வேண்டும்.

மூன்றாவது, நான்கைந்து தடவை மட்டும் வாங்கியவரைப் பெட்டி வரைந்து எடை போடலாகாது. எண்கள் குறைவாயின் அவற்றைப் புள்ளிகளாகவே குறித்துவிடலாம்.

நான்காவது, ஒத்தவற்றையே ஒப்பிட வேண்டும். கோடையில் ஒரு மூட்டை அனுப்பியவரையும், மழைக்காலத்தில் பத்து மூட்டை அனுப்பியவரையும் ஒரே தட்டில் நிறுத்துவது நீதியாகாது.

சட்டமும் கிராம சபையும்

ஊராட்சியின் கொள்முதல் சட்டத்திற்கும் விதிகளுக்கும் உட்பட்டது. ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத் தன்மையை வேண்டித் தமிழ்நாட்டில் 1998 ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. படம் ஒன்றைக் காட்டி, விதியை மீறி நமக்கு வேண்டியவரிடம் வாங்க இயலாது, வாங்கவும் கூடாது. ஆனால் இத்தனை நாட்களுக்குள் சரக்கு வந்து சேர வேண்டும், தாமதித்தால் இன்ன ஈடு பிடிக்கப்படும் என்னும் நிபந்தனைகளை முன்கூட்டியே எழுதும்பொழுது, அக்கெடு நடைமுறைக்கு ஒத்ததாக அமைய இப்படம் துணை நிற்கும். எவராலும் இயலாத கெடுவை எழுதி வைப்பதால் பயனில்லை. எல்லாரும் எளிதில் தப்பிக்கக்கூடிய கெடுவாலும் பயனில்லை.

மார்ச் 22 ஆம் நாளாகிய உலக நீர் நாளன்று கூடும் கிராம சபையில் குடிநீர்க் கணக்கோடு இப்படத்தையும் வைப்பது சாலவும் நன்று. எண்களின் பட்டியலைப் படித்துக் காட்டினால் கேட்போர் சலிப்படைவர். மூன்று பெட்டிகளைக் காட்டினால் எழுத்தறியாதவரும் கேள்வி கேட்பர். கேள்வி கேட்கும் மக்களே ஊராட்சியின் பலம்.

உழவர்க்கும் இது உதவும்

கூட்டுறவுச் சங்கங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் விதை, உரம், நுண்ணூட்டம் ஆகியவற்றை மொத்தமாகத் தருவிக்கின்றன. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. அதையொட்டிக் குறுவைக்கு நாற்று விடப்படுகிறது. குறுகிய கால நெல் ரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் பறித்து நட வேண்டும். நடவுக்கு முன் எக்டேருக்கு 25 கிலோ வீதம் இட வேண்டிய துத்தநாக சல்பேட்டு வரவில்லையென்று காத்திருந்தால் நாற்று முற்றிவிடும். முற்றிய நாற்றில் தூர் குறையும். காத்திராமல் நட்டால், துத்தநாகக் குறையுள்ள நிலத்தில் பயிர் வெளிறும். சென்ற பருவங்களில் எந்த வழங்குவோர் எத்தனை நாளில் அனுப்பினார் என்ற படம் சங்கத்தில் இருக்குமாயின், அவருடைய மீசையின் நுனி எந்த நாளைத் தொடுகிறதோ அத்தனை நாள் முன்னதாக ஆணை கொடுத்துவிடலாம். பருவம் நமக்காகக் காத்திராது. ஆணையைத்தான் நாம் முந்திக் கொடுக்க வேண்டும்.

ஆகவே ஊராட்சி நிர்வாகத்தினரும் சங்கத்தாரும் இன்றே பதிவேட்டில் இரண்டு தேதிப் பத்திகளைச் சேர்க்கத் தொடங்குவார்களாக. பத்துப் பன்னிரண்டு கொள்முதல்கள் நிறைவேறியவுடன் பெட்டிப் படத்தை வரைந்து, அலுவலகச் சுவரில் அனைவரும் காண மாட்டி வைக்கலாம். வழங்குவோரும் அதைக் காண்பர். தம் பெட்டி மற்றவர் பெட்டியைவிட உயர்ந்து நிற்பதைக் கண்டால் தாமே திருந்த முயல்வர். அவ்வாறு சரக்குகள் காலத்தில் வந்து சேருமாயின், தொட்டியில் மருந்தும் வயலில் உரமும் உரிய நாளில் சேரும்; ஊரும் நலம் பெறும் என்பது திண்ணம்.